கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து அறுநூறு அடி

பாசல்
12.11.1987, வியாழன்

அன்புள்ள மலரக்காவுக்கு,

கடிதம் வீட்டுக்கு வராமல் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வருகிறதே என்று பயந்துவிடாதீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கும் ஒன்றுமில்லை. வெளியுறையில் உங்களோடு வேலை செய்கிற தில்லைநாயகி அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் அத்தான்தான் எடுப்பார். நேற்று அவர் எடுத்தவுடன், நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை என்று எனக்குத் தெரிந்ததையே அவரிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் ரொட்டர்டாமிலிருந்து பெல்ப் விமான நிலையத்துக்குப் பூ ஏற்றிக்கொண்டு வந்தோம். பேர்ணுக்கு மேலே முகில் மூடிக் கிடந்தது. விமானத்தை அத்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்து றேடியோவில் கதைத்தேன்.

நிலம் கிட்ட வந்தால் கத்துகிற பெட்டி ஒன்று எங்கள் அவ்ரோ விமானத்தில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஊளையிடும், பிறகு இங்கிலிஷில் "புல் அப், புல் அப்" என்று ஒரு ஆண்குரல் சொல்லும். மேலே தூக்கு என்று அர்த்தம். எங்கள் கம்பனிச் சுவிஸ்காரர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலில், மலை எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறபோதும் அது கத்தும். அதனால் சில கப்டன்மார் பள்ளத்தாக்குக்குள் இறங்குமுன்னரே அதன் பியூசை இழுத்துவிடுவார்கள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அது கத்தியபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. அத்தான் "பொய்க்கத்தல்" என்றார். கையை நீட்டிப் பியூசை இழுத்தார். சத்தம் நின்றது. அந்த நேரத்தில் நான் என்ன செய்யவேண்டும் என்று என் முன்னாலேயே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறது. உரத்துச் சொல்லவேண்டும். கப்டன் கேட்காவிட்டால் இரண்டாம் தரம் சொல்லவேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் விமானத்தை நானே எடுக்கவேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா அக்கா? "அத்தான், ஒருக்காப் பாக்கிறியளோ?" சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் கறி விடட்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டேன்.

பிறகு முகில் ஒரு இடத்தில் கிழிந்தது. ஊசியிலை மரங்களின் நுனி தெரிந்தது. கீழே இல்லை, எனக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு நேரே தெரிந்தது. அத்தானும் கண்டுவிட்டு இழுத்துத் தூக்கினார். சுற்றி வந்து இறங்கினோம். ஒரு பூ இதழ் உதிரவில்லை.

கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து, "தயா, இதை ஒருத்தரிட்டையும் கதைக்காதை. கொக்காவிட்டையும்" என்றார். உங்களிடமும் சொல்லக்கூடாதாம். தலையாட்டினேன். இரண்டு நாளாக ஒரு கோப்பை தேத்தண்ணியைச் சிந்தாமல் குடிக்க முடியவில்லை. அத்தான் வீட்டில் நித்திரை கொள்கிறாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.

தம்பி,
தயாநிதி


ஓஸ்டர்முண்டிகன்
16.11.87

தம்பி தயாவுக்கு,

உன் கடிதத்தை உலர்த்தும் யந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று வாசித்தேன். நாற்பத்தியொரு வயதில் எனக்கு இது தேவைதான். தில்லைநாயகி, "என்ன பிள்ளை, ஆரும் காதல் கடிதம் போடுறாங்களோ?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டாள்.

நீ நல்லாய் வளர்ந்துவிட்டாய் தம்பி. அத்தானைப் பற்றிக் கொக்காவுக்கு மொட்டைக் கடிதம் எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். கொழும்பில், ரத்மலானையில் உன் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றினது ஆர்? உன்னை இந்த நாட்டுக்கு எடுக்கச் சொல்லி உங்கள் தலைமைப் பைலற் ஹொஃப்ஸ்டெற்றருக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஆர்? பதினான்கு வருடம் ரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் அவ்ரோ ஓட்டின மனுசன் அவர். ஒரு பயணிக்கு ஒரு கீறல் விழுந்ததா? நீயே எழுதுகிறாய், எல்லாரும் அந்தப் பியூசை இழுக்கிறவர்கள் என்று. வெள்ளைக்காரன் இழுத்தால் சிரிப்பு, குலேந்திரன் இழுத்தால் குற்றமோ?

டிசெம்பர் முடிய, இங்கே இருக்க எங்களுக்குத் தந்த பெர்மிற் முடிகிறது. புதுப்பிக்கக் கம்பனிக் கடிதம் வேண்டும். கம்பனியில் ஒரு சொல் பிசகினால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் பெர்மிற் இல்லை. அதற்குப் பிறகு எங்கே போவது? கொக்குவிலுக்கா? ஷெல் விழுகிற ஊருக்குச் சிவகலாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாயா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் எழுத்தே இன்னும் ஒழுங்காகத் தெரியாது.

நித்திரையைப் பற்றிக் கேட்டாய். சொல்லுகிறேன், நீ அதை ஆருக்கும் சொல்லாதே. ஒக்ரோபரில் ஊரில் சண்டை தொடங்கினதிலிருந்து மாமியிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் இல்லை, ரெலிபோன் இல்லை. செத்தாவா இருக்கிறாவா என்று தெரியாது. அவரைப் பெற்ற தாயல்லவா. வேலையால் வந்தால் சிற்றலை றேடியோவுக்கு முன்னால் இருக்கிறார், படு என்றால் படுக்கிறார், கண் மூடுவதில்லை. பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாதா?

அந்த "இன்னொன்று" என்ன? பாதியை எழுதி மீதியை விழுங்கினால் எனக்கு எப்படி நித்திரை வரும்? எழுது.

மலர்


பாசல்
20.11.87

அக்கா,

மொட்டைக் கடிதம் என்றால் பெயர் போடாமல் எழுதுவது. நான் பெயர் போட்டுத்தான் எழுதினேன். இது கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் அப்படி எழுதினது நொந்தது, அவ்வளவுதான்.

சொல்லுகிறேன். விமானத்தில் உயரத்தைக் காட்டுகிற மணிக்கூடு கடல் மட்டத்திலிருந்துதான் உயரத்தைக் காட்டும். பலாலி ஓடுபாதை கடலிலிருந்து முப்பது அடி. அங்கே ஊசி இரண்டாயிரத்து அறுநூறு என்று காட்டினால், உங்களுக்குக் கீழே உண்மையாகவே இரண்டாயிரத்து அறுநூறு அடி வெறும் காற்று. இங்கே அப்படி இல்லை. பெல்ப் ஓடுபாதையே ஆயிரத்து அறுநூற்று எழுபது அடியில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற காட்டு மலை இரண்டாயிரத்து நானூறு. அந்த இடத்தில் ஊசி இரண்டாயிரத்து அறுநூறு காட்டினால் மலைக்கும் விமானத்துக்கும் இடையில் இருநூறு அடிதான், அதிலும் பாதி மரம்.

இதை எனக்குப் படிப்பித்தவரே அத்தான்தான். நான் வந்த முதல் கிழமை, "இஞ்சை ஊசி காட்டுறதை நம்பாதை, கழிச்சுப் பார், எப்பவும் கழிச்சுப் பார்" என்று சொல்லிச் சொல்லித் தந்தார். அன்றைக்கு அவர் கழிக்கவில்லை. பாதைக்குக் கிழக்கே ஒதுங்கி, உங்கள் மலைக்கு மேலே, இரண்டாயிரத்து அறுநூறுக்கு இறங்கி நின்றார். அந்தப் பெட்டி கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், மிகவும் சாதாரணமான குரலில் என்னிடம் கேட்டார்.

"தயா, காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியுதோ பார்."

நான் பார்த்தேன் அக்கா. அதுதான் வெட்கம். "என்ன கதைக்கிறியள்" என்று கேட்காமல், கழுத்தைத் திருப்பி அந்தச் சுவிஸ் முகிலுக்குள்ளே பலாலிக் கடற்கரை வெளிச்சவீட்டைத் தேடினேன். அத்தான் பார் என்றால் பார்க்கிற பழக்கம். "இல்லை அத்தான்" என்றேன். "பரவாயில்லை. கடலுக்கு மேலைதானே, இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு கிடக்கு" என்றார். அப்போதுதான் அது கத்தியது.

அதற்குப் பிறகு மூன்று தரம் அவரோடு பறந்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. கழிக்கிறார், பகிடி விடுகிறார், ஒல்லாந்துக்காரனோடு றேடியோவில் சிரித்துக் கதைக்கிறார். நான்தான் அதைக் கனவில் கேட்டேனோ என்றுகூட நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் முகிலுக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் என் முதுகு நனைந்துவிடுகிறது. அவர் வாயைத் திறந்தால் என்ன கேட்கப்போகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டில் அத்தானுக்கு முன்னால் நான் கதிரையில் இருந்ததில்லை. விமானத்தில் மட்டும் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அப்படியிருக்க, அவருடைய கையிலிருந்து நான் எதைப் பறிப்பது?

ஹொஃப்ஸ்டெற்றருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்படியானது அவர் கைக்குத்தான் போகவேண்டும். இரண்டு பக்கம். மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

தயா


ஓஸ்டர்முண்டிகன்
25.11.87

தயா,

அதைக் குடுக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், குடுக்காதே.

உன் கடிதத்தை வாசித்த பிறகு செவ்வாய்க்கிழமை பத்தாம் தேதி எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு எனக்கு லீவு. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மலைப்பக்கம் அவ்ரோ சத்தம் கேட்டது. அவ்ரோ சத்தம் எனக்குத் தெரியாதா, கலியாணம் கட்டின நாளிலிருந்து கேட்கிற சத்தம். அலுமாரியில் இருந்த கண்ணாடி கிலுகிலு என்று ஆடியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மனுசன் வீட்டுக்கு மேலாலே போகிறார், எனக்குத் தெரியட்டும் என்று கிட்ட வருகிறார் என்று நினைத்தேன். தனிய நின்று சிரித்தேன் தம்பி.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றுக் காலை அவருடைய சீருடையைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் சலவைக்கூடத்தில் டொக்டர்மாரின் வெள்ளை உடுப்புகளுக்குள் போட்டேன். என்னுடைய உடைஞ்ச டொச் பாஷையில் ஹொஃப்ஸ்டெற்றருக்கு ரெலிபோன் எடுத்து, என் கணவருக்குக் காய்ச்சல், ஒரு கிழமை வரமாட்டார் என்று சொன்னேன். அந்த மனுசன் பாவம், எலுமிச்சம்பழத்தோடு தேன் குடுங்கோ என்றார். அத்தான் கம்பனியில் கிடந்த வேறொரு சீருடையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் வந்து ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "என்ரை வேலையையும் எடுத்துப்போட்டால் நான் என்ன செய்யிறது மலர்?" என்று கேட்டார்.

நீ எழுதின மாதிரி அவர் வேறெங்கோ போய்விடுகிறார் என்றால், அது நித்திரை இல்லாததால்தான். மாமியிடமிருந்து ஒரு சேதி வந்தால் சரியாகிவிடும். இன்னும் ஒரு மாதம் தம்பி. பெர்மிற் கையில் வரட்டும். அதற்குப் பிறகு நானே அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நீ அவருக்குப் பக்கத்தில் இருக்கிறாய்தானே. நீ பார்த்துக்கொள்.

மலர்


பாசல்
30.11.87

அக்கா,

"நீ பார்த்துக்கொள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் செய்ய முடியாது என்று இரண்டு கடிதம் எழுதினேன்.

சரி. குடுக்கவில்லை. லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது.

அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இங்கிலிஷில் சொல்ல வருகிறது. அட்டையில் இருக்கிறபடி உரத்து, தெளிவாகச் சொல்லுகிறேன். பிறகு கண்ணாடியில் அத்தானின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் குரல் இறங்கிவிடுகிறது, "அத்தான்" என்று தொடங்கி "பாக்கிறியளோ" என்று முடிந்துவிடுகிறது. கீழ் வீட்டு மனுசி ஒருநாள் வந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டாள்.

வேலை அட்டவணை வந்துவிட்டது. டிசெம்பர் ஒன்பதாம் தேதி லூர்து. மாதாவைக் கும்பிடப் போன வயசாளிகளைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். முப்பத்தெட்டுப் பேர். பெல்ப்பில் இறக்கவேண்டும். கப்டன் குலேந்திரன், நான். இத்தனை நாளும் பூவும் யந்திரச் சாமானும்தான் ஏற்றினோம். இப்போது ஆட்கள்.

மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன். ஹொஃப்ஸ்டெற்றர் ஏன் என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அத்தானைவிட என்னை நினைத்துத்தான் கூடப் பயம்.

தயா


ஓஸ்டர்முண்டிகன்
4.12.87

தம்பி,

இதை வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் குளிரால் என்று நினை.

நேற்றுப் பின்னேரம் சிவகலா பள்ளிக்கூடப் பாடம் செய்துகொண்டிருந்தாள். தங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதவேண்டுமாம். அப்பா பைலற் அல்லவா, அப்பாவிடம் கேட்டாள். அவர் றேடியோவைவிட்டுத் திரும்பினார். நல்ல தெளிவாக, அன்பாக, "முப்பது அடி" என்றார். பிள்ளை பகிடி என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "எழுது, முப்பது அடி" என்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

நீ எழுதினபோது நான் உன்னை நம்பவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற இடத்தில் ஏதோ சண்டை, வயது வந்த தம்பிக்குக் கொஞ்சம் பொறாமை என்று ஒரு மூலையில் நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள்.

இனிக் கேள். அந்த இரண்டு பக்கத்தையும் குடு. திங்கட்கிழமை கடிதம் கிடைத்தவுடன் குடு. பெர்மிற் போனால் போகட்டும், அதை நான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கும் வேலை இருக்கிறது, என் கையாலும் நாலு பேரிடம் கேட்கலாம்.

ஏதாவது ஒரு காரணத்தால் நீ அவரோடு ஏறவேண்டி வந்தால், அத்தான் என்று பாராதே. கையைத் தட்டிவிட்டு எடு. அவர் உன்னை ஏசினால் ஏசட்டும், என்னை வீட்டைவிட்டுத் துரத்தினால் துரத்தட்டும். நான் சொன்னேன் என்று சொல். உனக்கு மூத்தவள் நான், நான் சொல்லுகிறேன், எடு. எனக்கு அவர் உயிரோடு வேண்டும். நீயும் வேண்டும். அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் வீட்டில் ஆரோ வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பார்கள்.

மலர்


சூரிச், விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதி
10.12.87

அக்கா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அத்தான் இதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. செவ்வாய் காலை அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கம்பனிக் கந்தோருக்குப் போனேன். ஹொஃப்ஸ்டெற்றரின் கதவு திறந்திருந்தது, பத்து அடி நடந்தால் போதும். பக்கத்து அறையில் அத்தான் இருந்தார். என்னைக் கண்டு, "தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதினதைக் குடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஏசுவீர்கள், ஏசுங்கள். முதலில் அவரிடம் காட்டினேன். சுவிஸ்காரன் எவனாவது இப்படிச் செய்வானா? நான் செய்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கிறாய். நாளைக்கு லூர்துக்குப் போட்டு வந்து நானே குடுக்கிறன்" என்றார். நான் "ஓம் அத்தான்" என்றேன்.

அந்த "ஓம்"தான் முப்பத்தெட்டுப் பேரையும் அந்த முகிலுக்குள் கொண்டுவந்தது.

லூர்திலிருந்து வருகிற வழியெல்லாம் அவர் நல்லாய்த்தான் இருந்தார். பின்னால் கிழவிகள் செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேர்ணுக்குக் கிட்ட முகிலுக்குள் இறங்கினோம். வழிகாட்டுகிற ஊசி ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. "அத்தான், ஒதுங்குது" என்றேன். "கடல் காத்து. வாடைக்கு இஞ்சை இப்பிடித்தான்" என்றார். உயர ஊசி மூவாயிரம் காட்டியது. பிறகு இரண்டாயிரத்து எண்ணூறு. பிறகு அது கத்தியது.

அவருடைய கை பியூசுக்குப் போனது. நான் அதற்கு முன்னால் என் கையை வைத்து மறைத்தேன். அவர் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். கோபமே இல்லை அக்கா, பொறுமையாக, சின்னப்பிள்ளையின் கையிலிருந்து கத்தியை எடுக்கிற மாதிரிப் பிரித்தார். அட்டையில் இருந்தது ஒன்றும் எனக்கு நினைவு வரவில்லை. மற்றக் கையால் அவருடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். "விடடா" என்று கத்தினேன்.

அவர் விட்டார். உடனே விட்டார். இரண்டு கையும் மடிக்குப் போய்விட்டது. நான் முழுச் சக்தியையும் குடுத்து மூக்கைத் தூக்கினேன். பின்னால் ஆரோ விழுந்தார்கள், அலறினார்கள். அந்தக் குரல் இன்னும் நாலு தரம் "புல் அப்" என்று சொல்லிவிட்டு நின்றது. ஐயாயிரம் அடியில் வெயிலுக்குள் வந்தோம். பிறகு சூரிச்சில் கணக்குப் பார்த்தார்கள். உங்கள் மலைக்கு மேலே நூற்றுத்தொண்ணூறு அடியால் போயிருக்கிறோம்.

திரும்பவும் அந்த முகிலுக்குள் இறங்க எனக்குத் தைரியமில்லை. சூரிச்சுக்குக் கொண்டுபோனேன். இறங்குகிற நேரம் வந்ததும் அத்தான் தானாகவே அட்டையை எடுத்து, கோ-பைலற் வாசிக்கவேண்டியதை ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்தார். ஒன்றும் பிசகவில்லை. உயரம் சொல்லும்போது கழித்துத்தான் சொன்னார். சக்கரம் நிலத்தைத் தொட்டவுடன் பின்னால் கை தட்டினார்கள். நான் கழிப்பறைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் ஏணிக்குக் கீழே நின்று, ஹொஃப்ஸ்டெற்றர் எப்போது வருவார் என்று அங்கே நின்றவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பையில் இருந்த இரண்டு பக்கமும் அவர் கையில் இருந்தது.

அக்கா, நான் அவரை அடித்தேன். "டா" போட்டேன். எனக்குத் தொழில் தந்த மனுசனை, உங்கள் புருசனை, தெருநாயை விரட்டுகிற மாதிரி விரட்டினேன். நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லச் சொன்னீர்கள், அதுகூட வாயில் வரவில்லை. இனி உங்கள் வீட்டுப் படி ஏற எனக்கு முகம் இல்லை. பொங்கலுக்கும் என்னை எதிர்பார்க்காதீர்கள்.

தயாநிதி


ஓஸ்டர்முண்டிகன்
14.12.87

தம்பி,

இந்த முறை வீட்டு மேசையில் வைத்து எழுதுகிறேன். அவர் எதிரில் இருக்கிறார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் உன்னை ஏசவேண்டும். எழுதினதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினாயே, உனக்கு மூளை இருக்கிறதா? நான் என்ன எழுதினேன், நீ என்ன செய்தாய்? சிவகலா புதன்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் நின்றவளாம். முகிலுக்குள்ளே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனதாம், ரீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே ஓடச் சொன்னாவாம். "அது அப்பாவோ அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை இரவு அவரை ஹொஃப்ஸ்டெற்றர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று எனக்குக் கை தந்துவிட்டுப் போனார். அத்தானின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எண்ணெய் பூசிக்கொண்டு, ஆர் அடித்தது என்று ஊகித்தும், தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். "கோ-பைலற்" என்றார். உன் பெயரையும் சொல்லவில்லை, உன்ரை தம்பி என்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அன்று அவர் பதினொரு மணித்தியாலம் நித்திரை கொண்டார். ஒக்ரோபருக்குப் பிறகு முதல் தரம். மூச்சு இருக்கிறதா என்று நான் இடையிடையே போய் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்த்தேன்.

இனி அவர் ஓட்ட முடியாது. டொக்டர் காகிதம் எழுதிவிட்டார். சீருடையை நான்தான் தோய்த்து மடித்துக் குடுத்தேன். பெர்மிற்றைப் பற்றி ஹொஃப்ஸ்டெற்றர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியிடமிருந்தும் சேதி இல்லை. தெருக்கதவு மணி அடித்தால் இப்போதும் என் நெஞ்சு அடைக்கிறது. பொலிசா, தபால்காரனா, இரண்டில் எது வந்தாலும் பயம்தான். முந்திப் பயந்த பயம் இதுவல்ல. அவர் குளியலறையில் கொஞ்ச நேரம் மினக்கெட்டாலே போய்த் தட்டுகிறேன்.

நீ "டா" போட்டதை எழுதியிருந்தாய். அதை நான் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஓம், வாசித்தேன், உன்னிடமிருந்து பழகினதுதான். முழுவதையும் கேட்டார். படி ஏற முகம் இல்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். நீ இனி ஒருநாளும் அவரோடு கதைக்கவே கூடாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கடிதத்தை மடித்தேன். பிறகு, "மலர், எனக்குக் கை நோகுது. நீ அவனுக்கு ஒரு வரி எழுது" என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கீழே எழுதுகிறேன். கையெழுத்து மட்டும் அவரே போட்டார்.

தயா, நீ மரியாதையாச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டன்.
அத்தான்